ஸுஷிக் கடையில் ஓர் இரவு

டோக்கியோ நகரத்தில் த்ஸுகிஜி என்று ஒரு பேட்டை இருக்கிறது. அங்கே போக வேண்டும் என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் அபிப்பிராய பேதமே கிடையாது. காரணந்தான் வேறு. அவள் பார்க்க விரும்பியது ஹொங்க்வான்ஜி என்னும் பௌத்த ஆலயம். இட்டோ சூட்டா என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1934-ல் பூர்த்தியான அந்தக் கற்கட்டடத்தின் முன் நின்றால், ஜப்பானில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். வளைந்த முகப்பும் ஸ்தூபியும் நம் நாட்டுப் பழைய பௌத்தக் கோயில்களின் சாயல்! அவள் அங்கிருந்து நகர மனமில்லாமல் நின்றாள். எனக்கோ பசி. நான் விரும்பி வந்தது அடுத்த தெருவில் இருந்தது. அதுதான் ஸுஷி.

நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். ஸுஷி என்றால் பச்சை மீன் என்றே நம்மில் அநேகர் எண்ணுகிறோம். உண்மையில் காடி கலந்த சோறுதான் ஸுஷி. அதன்மேல் மீன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆதியில் மீனை உப்பிட்டுச் சோற்றுக்குள் புதைத்து, மாதக் கணக்கில் புளிக்கவைத்து, பிறகு மீனைத் தின்றுவிட்டுச் சோற்றை எறிந்துவிடுவார்களாம். பிவா ஏரிக்கரையில் அந்தப் பழைய முறை இன்றும் மறையவில்லை. டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் வழங்கிய காலத்தில், அவ்வளவு நாள் காத்திருக்கப் பொறுமையில்லாத நகரவாசிகளுக்காக, சோற்றில் காடியை ஊற்றிக் கையால் பிடித்து, மேலே மீன் துண்டை வைத்து அப்போதே கொடுக்கலானார்கள். 1820-ஆம் ஆண்டுகளில் ஹனாயா யோஹேய் என்பவர் இதைப் பிரபலப்படுத்தினார் என்பார்கள். ஆக, இன்று பெரும் பணம் வாங்கும் இந்தப் பண்டம், அன்று தெருவோரத் தள்ளுக்கடைப் பலகாரம்.

த்ஸுகிஜியின் கதையும் விசித்திரமானது. நிஹோன்பாஷியில் இருந்த பழைய மீன் சந்தை 1923-ஆம் வருஷத்துப் பூகம்பத்தில் அழிந்த பிறகு, 1935-ல் இங்கே பெரிய சந்தை திறந்தார்கள். 2018-ல் மொத்த வியாபாரம் டோயோஸுவுக்குப் போய்விட்டது. சந்தைக்கு வெளியே இருந்த சிறு கடைகள் மட்டும் போக மறுத்து அங்கேயே இருக்கின்றன.

அப்படி ஒரு கடையில் நுழைந்தோம். பத்துப் பேர் உட்காரலாம். வழுவழுப்பான மரப் பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர், கையில் நீண்ட கத்தியுடன் நின்றார். நான் வெளியூர்களில் அலைந்த நாட்களில் மீன் தின்னப் பழகியவன். அது என் மனைவிக்குத் தெரியும். அவள் பிறந்தது முதல் மீனைத் தொட்டவள் அல்ல; அது எனக்குத் தெரியும். இருபத்தேழு வருஷ இல்லற வாழ்க்கையில் இதைப்பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பெரியவர் சோற்றை எடுத்து இரண்டு மூன்று முறை அழுத்துவார், அவ்வளவுதான். மீனுக்கு அடியில் வஸாபி என்னும் பச்சை விழுதைத் தடவுவார். கடுகைப்போல் மூக்கில் ஏறும் சரக்கு அது! ஸுஷியைக் கையால் எடுத்து உண்பதில் தவறே இல்லை என்பதைக் கண்ட என் மனைவி, "இவர்கள் நம்மவர்கள்தான்" என்று தீர்ப்புக் கூறிவிட்டாள்.

அவளுக்காகச் சுரைக்காய் வற்றலை வேகவைத்துக் கடற்பாசித் தாளில் சுருட்டிய ஸுஷியைச் சொன்னேன். "இதில் ஒன்றும் இல்லையே?" என்று கேட்டாள். "சுரைக்காய், சோறு; வேறென்ன இருக்கப்போகிறது?" என்றேன்.

அவள் கை நீட்டிய சமயம், பெரியவர் சட்டென்று தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் ஆர்டர் கொடுக்கும்போது 'மீன் வேண்டாம்' என்று கையைக் காட்டியதை அவர் கவனித்திருக்கிறார். உள்ளே போய், மரக்கட்டை போன்ற ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். சூரை மீனை வேகவைத்துப் புகையில் உலர்த்திய கருவாடு. தூத்துக்குடிப் பக்கத்தில் மாசி என்பார்களே, அதற்குச் சகோதர முறை. அதைச் சீவிப் போட்டுக் காய்ச்சிய சாற்றில்தான் அந்தச் சுரைக்காய் வெந்ததாம். "ஸகானா, ஸகானா" என்று சொல்லி, இரண்டு தரம் தலை வணங்கினார், குற்றம் தம்முடையது என்பதுபோல.

பிறகு அவளுக்கென்று கத்தியையும் பலகையையும் கழுவித் துடைத்து, வெள்ளரிக்காயை வைத்துச் சுருட்டிக் கொடுத்தார். அடுத்து, உப்பில் ஊறிய பழம் ஒன்று. வாயில் வைத்ததும், "நம் நார்த்தங்காய் மாதிரி இருக்கிறது" என்றாள். அவர் வைத்ததையெல்லாம் ஒரு கேள்வியும் கேட்காமல் சாப்பிட்டாள். என்னைத்தான் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு எதிரே இருந்த கொழுத்த சூரை மீன் துண்டு அற்புதமானது என்று எழுத ஆசைதான். ருசி நினைவில்லை.

பணம் கொடுத்தோம். இனாம் வாங்கும் வழக்கம் அந்நாட்டில் இல்லை. என் மனைவி கை கூப்பினாள். பெரியவர் குனிந்து வணங்கினார்.

சுரங்க ரயிலில் ஏறி உட்கார்ந்தோம். ஹிகாஷி கின்ஸா கடந்தது. கின்ஸாவும் வந்தது.

"நேற்று மத்தியானம் நூல் நூலாக ஒரு சூப் வாங்கிக் கொடுத்தீர்களே?" என்றாள்.

கோதுமையில்லாத தானியம், உடம்புக்கு நல்லது என்று நான் நேற்று நீண்ட பிரசங்கம் செய்திருந்தேன். அந்தச் சாறும் எதில் காய்ச்சியது என்பது எனக்கு இப்போது விளங்கிற்று. நேற்றும் சந்தேகம் இருந்தது, விசாரிக்கச் சோம்பல்.

"அதிலும் அதுதான் இருந்திருக்கும்" என்றேன்.

ஹிபியா வரும்வரை அவள் பேசவில்லை. பிறகு கைப்பையைத் திறந்து ஒரு சிறு காகிதத்தையும் பேனாவையும் எடுத்தாள்.

"ஸகானா என்றால் மீன்தானே? 'இதில் மீன் இருக்கிறதா' என்பதை முழுவதும் எழுதிக் கொடுங்கள். நாளையிலிருந்து நானே கேட்டுக்கொள்கிறேன்."