எதிர்க்காற்றில் புத்தரைச் சுற்றி

செகந்திராபாத்தில் வீடு, கோட்டியில் வங்கி வேலை. நடுவே டாங்க் பண்ட் சாலை. 2023-ல் ஓய்வு பெறும்வரை, 34 வருஷம் பஸ் ஜன்னல் வழியாக ஹுசேன் சாகரைப் பார்த்தேன். இறங்கத் தோன்றியதில்லை. மழைக்காலத்தில் ஜன்னலை மூடுவோம், கோடையில் மூக்கை.

ஓய்வுக்குப் பின் நான் செய்த ஒரே காரியம் சமையலறையை மேற்பார்வை பார்த்தது. "எங்கயாவது போயிட்டு வாங்களேன்" என்று மனைவி சொன்னபோது அவள் ஏரியை நினைத்திருக்க மாட்டாள். கரையிலிருக்கும் பாய்மரப் படகு கிளப் ஒன்றில் பெயர் கொடுத்தேன்.

முதல் கேள்வி, நீச்சல் தெரியுமா? காவிரிக்கரையில் பிறந்தவன், தெரியாது. எட்டு வயதுப் பிள்ளைகளோடு நீச்சல் குளத்தில் இரண்டு மாதம் கால் உதைத்த பிறகுதான் படகு.

ஆசிரியருக்கு வயது 23. என்னை அங்கிள் என்பான், ஆனால் அதட்டுவான். முதலில் அவனோடு இருவர் ஏறும் எண்டர்பிரைஸ் படகில். ஒரு கையில் சுக்கான் பிடி, மறு கையில் பாயை இழுக்கும் கயிறு. அந்தக் கயிற்றுக்குத்தான் ஷீட் என்று பெயர் என்பது புரியவே ஒரு வாரம் ஆயிற்று. திரும்பும்போதெல்லாம் பாயின் அடிக்கட்டை தலைக்கு மேல் வீசும், குனிய வேண்டும். முழங்கால் தினமும் ஆட்சேபம் தெரிவித்தது.

இது 1562-ல் இப்ராஹிம் குலி குதுப்ஷா காலத்தில் வெட்டிய ஏரி. ஹைதராபாத் நகரத்தைவிட மூத்தது. மழைக்காலத்து மேல்காற்று படகைச் சுலபமாக டாங்க் பண்ட் பக்கம் தள்ளிவிடும். திரும்புவதுதான் பாடு. காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரமும் போகாது. ஏறக்குறைய 45 டிகிரி சாய்வாக இடம், பிறகு வலம் என்று கோணல்மாணலாக ஏற வேண்டும். பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்வது அடியில் இறக்கிய பலகை. 34 வருஷம் பத்து நிமிஷத்தில் கடந்த தூரத்துக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

ஜூலையில் தனியாக லேசர் படகு கொடுத்தார்கள். நாலு மீட்டர் நீளம், ஒற்றை ஆள். புத்தர் நிற்கும் பாறையருகே திடீரென்று காற்று ஓங்கியது. அந்த நேரத்தில் கயிற்றைத் தளர்த்த வேண்டும். நூறு தடவை சொல்லியிருந்தான். நான் இறுக்கினேன். வானம் இருந்த இடத்தில் தண்ணீர் வந்தது.

குக்கட்பள்ளி நாலா கொண்டுவந்து கொட்டும் சாக்கடையும் ஆலைக் கழிவும் சேர்ந்த தண்ணீர். வாயை மூடிக்கொண்டேன். பலகை மேல் ஏறி நின்று படகை நிமிர்த்தத் தெரியும், நிமிர்த்தினேன். ஆனால் உள்ளே ஏறக் கையில் பலமில்லை. மூன்று முறை வழுக்கி விழுந்தேன். மோட்டார் படகு வந்து தூக்கிப் போட்டது. மூட்டைபோலக் கிடந்த என்னைப் பார்த்துப் பையன், "புத்தரே விழுந்தவர்தான் அங்கிள்" என்றான்.

நிஜம்தான். நான் வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம், 1990 மார்ச்சில், கணபதி ஸ்தபதி தலைமையில் செதுக்கிய அந்த ஒற்றைக்கல் சிலை மிதவையோடு சரிந்து மூழ்கியது. உயிர்களும் போயின. 1992-ல்தான் தூக்கி நிறுத்தினார்கள். அவன் அப்போது பிறந்திருக்கவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. சட்டை சொல்லிவிட்டது. துவைக்கப் போட்டதை முகர்ந்துவிட்டு, "விழுந்தீங்களா?" என்றாள். பதில் சொல்லவில்லை. "நாளைக்கும் போறீங்களா?" அதற்கும் சொல்லவில்லை. இரண்டு வாரம் போகாமல் இருந்தேன். காலையில் சமையலறை வாசலில் நாற்காலி போட்டேன். மூன்றாவது ஞாயிறு அவளே ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றினாள். "கிளம்புங்க, நானும் வரேன்."

கரைத் திட்டில் குடை பிடித்து உட்கார்ந்தாள். காற்று பலமாகத்தான் இருந்தது. "ஜல்தி நக்கோ, அங்கிள்" என்று கரையிலிருந்தே கத்தினான். பாறையருகே காற்று ஓங்கியது, கயிற்றை விட்டேன். பாய் படபடவென்று அடித்தது, படகு நிமிர்ந்தது. புத்தரைச் சுற்றி, பதினோரு திருப்பத்தில் கரை வந்தேன்.

காபி ஆறியிருந்தது. "ஏன் நேரா வராம அங்கயும் இங்கயும் சுத்தினீங்க?" என்றாள்.