கட்டைக் கணக்கு

மேலைநாட்டு மௌனப்பட அரங்குகளில் 1910-களிலிருந்து காற்றுக்குழாய் ஆர்கன்கள் முழங்கின; பேசும்படம் வந்ததும் பெரும்பாலும் ஓய்ந்தன. தமிழ் நாடக மேடையில் அவற்றுக்கு ஒப்பான இடம் ஆர்மோனியத்துக்கு உரியது. 1840-களில் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் காப்புரிமை பெற்ற அக்கருவி, மிதித்தால் துருத்தி இயங்கும் கால் ஆர்மோனியமாக நம் நாடகக் கம்பெனிகளுக்குள் நுழைந்தது. எஸ்.ஜி.கிட்டப்பா (1906–1933) பாட, தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்ததை நாடக வரலாறு மறக்கவில்லை. ஒலிபெருக்கி இல்லாத நாளில் கடைசி வரிசைக்கும் எட்டவேண்டிய உச்சக் குரலுக்கு இப்பெட்டியே துணை.

சங்கீத உலகமோ இதை ஐயத்துடனேயே பார்த்தது. சுரத்துக்குச் சுரம் தாவும் கருவியில் கமகம் வழுக்கிச் செல்ல இடமேது என்ற குறை நியாயமானதே. அகில இந்திய வானொலி 1940-இல் இதற்குத் தடை விதித்தது. 1971-இல்தான் அது தளர்ந்தது. ஆயினும் பாடகரின் சுருதியை ‘நாலரைக் கட்டை’, ‘ஐந்து கட்டை’ என்றுதானே இன்றளவும் சொல்கிறோம்? வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என எண்ணி, இடையில் வரும் கறுப்புக்கு அரை சேர்க்கும் ஆர்மோனியக் கணக்கு அது. விலக்கப்பட்ட கருவியே குரல்களுக்கு அளவுகோலாயிற்று.

வேடந்தாங்கலை அடுத்த சிற்றூர் ஒன்றின் கூத்துக் குழுவிடமிருந்த பழைய கால்பெட்டியைச் செப்பனிட நண்பர்களோடு முனைந்தபோதுதான் இக்கணக்கின் கனம் நமக்குப் புரிந்தது. எலி கடித்த துருத்தித் தோலை மாற்றுவது எளிதாயிருந்தது. சிக்கல் ரீடுகளில்! பெட்டியின் சுருதி குழுவின் புதிய கீபோர்டைவிடச் சற்றே உயர்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்து ஒலிக்கவேண்டும் என்றனர் இளைஞர். பித்தளை நாக்கின் நுனியை அரத்தால் ராவினால் சுருதி ஏறும். அடிப்பக்கத்தை ராவினால் இறங்கும். ராவிய பித்தளை திரும்பி வராது. முன்னோர் பாடிய சுருதிக்கு இப்பெட்டி ஒரு சாட்சி, அதை அழிக்கலாகாது என்று வாதிட்டோம். காட்சிக்கு வைக்கவா பெட்டி, கூத்துக்கல்லவா என்றனர் அவர்கள். அதற்கு நம்மிடம் விடையில்லை.

அதுவரை பேசாதிருந்த முதிய பின்பாட்டுக்காரர் கேட்டார்: “கீபோர்டுலதான் சுருதிய ஏத்த எறக்க வழியிருக்கே, அப்புறம் இத ஏன்பா ராவணும்?”

அரம் பைக்குள் போயிற்று. அவ்வாண்டுப் பாரதக் கூத்தில் கீபோர்டின் சுருதி பெட்டிக்கு இணையாக உயர்த்தப்பட்டது. பழையதைக் காப்பதென்றால் புதியதை விலக்குவதென்றே அதுவரை எண்ணியிருந்தோம். வளையக்கூடியது வளைந்துகொடுத்தால் இரண்டுமே ஒலிக்கும் என்பதை அன்றிரவு விடியும்வரை கேட்டோம்.