தொலைந்துபோன டெம்பர்

பத்தாம் தரத்தில் இரண்டாம் தவணைப் பரீட்சை. ஆங்கில வினாத்தாளில் ஒரு வாசிப்புப் பந்தி. மகன் கண்ணாடிக் கோப்பையொன்றை உடைத்து விடுகிறான். தந்தை 'லொஸ்ட் ஹிஸ் டெம்பர்'. தந்தையின் மனநிலை என்ன என்பது கேள்வி. டெம்பர் என்றால் கோபம், லொஸ்ட் என்றால் இழந்தார். ஆகவே, தந்தை கோபத்தை இழந்து மகனை மன்னித்தார் என்று எழுதினேன். எவ்வளவு நல்ல வாப்பா என்று மனதுக்குள் மெச்சியும் கொண்டேன்!

அந்தக் கேள்விக்குப் பூச்சியம். விடையை வாசித்தபோது வகுப்பே சிரித்தது.

அக்குறணை பஸ்ஸில் ஏறி, கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டும்வரை அழுகையை அடக்கி வைத்திருந்தேன். வீட்டில் உம்மா பாயில் அமர்ந்து கராம்பைக் காம்பிலிருந்து ஆய்ந்து கொண்டிருந்தார்.

"எத்தின மார்க்ஸ் மகள்?"

விடைத்தாளை எறிந்தேன். கராம்புக் குவியல் சிதறியது. "ஒங்களுக்கு இங்கிலீஷ் வெளங்குமா? வெளங்கினா கேளுங்க!"

உம்மா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஒன்றும் பேசாமல் சிதறியதைப் பொறுக்கினார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை கண்டி டி. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டினேன். டெம்பர் லத்தீனிலிருந்து வந்த சொல்லாம். சரியான அளவில் கலத்தல் என்பதே அதன் பழைய பொருள். அதிலிருந்துதான் மனத்தின் நிதானம் என்ற பொருளும் வந்திருக்கிறது. பந்தியில் வந்த தந்தை தொலைத்தது கோபத்தை அல்ல, அளவை.

நாம் கோபம் 'வருகிறது' என்கிறோம். பஸ்ஸில் பக்கத்து ஆசனத்துச் சிங்களத் தோழி 'கேந்தி யனவா' என்கிறாள். அவளுக்கு அது 'போகிறது'. ஆங்கிலேயருக்கோ நிதானம் தொலைகிறது. ஒரே பஸ்ஸில் வருவதும் போவதும் தொலைவதும்!

'ஃப்ளை ஓஃப் த ஹேண்டில்' என்றும் அங்கே கண்டேன். 19ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் பிறந்த தொடர். திடீரென நிதானமிழந்து சீறுவதைச் சொல்வது. பிடியிலிருந்து பறப்பது எது என்று அகராதி சொல்லியும் எனக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்தபோது வாப்பா கோடரியை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தார்.

"ஏன் வாப்பா?"

"பிடி காஞ்சி சுருங்கிட்டு. ஊறினாத்தான் இறுகும். இல்லாட்டி வெட்டுற நேரம் தல கழண்டு பறக்கும். வெட்டுறவனுக்குப் படாது, பக்கத்தில நிக்கிறவனுக்குத்தான் படும்."

நான் குசினிக்குள் போனேன். உம்மாவிடம் அகராதியில் பார்த்ததைச் சொல்லத் தொடங்கினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாய் வரவில்லை. டெம்பர் என்ற சொல்லைக் கேட்டதும் உம்மா திரும்பினார்.

"நாங்க பருப்பு டெம்பர் பண்ணுறதே, அதுவா?"

சிரித்து விட்டேன். பிறகு பார்த்தால் உம்மா சொன்னது சரி! போர்த்துக்கேயரின் 'தெம்பராது'தான் சிங்களத்திலும் தாளித்ததற்குப் பெயர். அதற்கும் ஆங்கில டெம்பருக்கும் லத்தீன் வேர் ஒன்றே. நான் நூலகம் வரை போய்த் தேடிய சொல் எங்கள் அடுப்பில் தினமும் பொரிந்து கொண்டிருந்திருக்கிறது.

"கடுகு, வெங்காயம், ரம்பை, கறிவேப்பிலை எல்லாம் அளவாப் போடோணும். நெருப்பும் அளவா ஈக்கோணும்" என்றார் உம்மா.

"அண்டைக்கி அப்பிடிக் கத்தினத்துக்கு மன்னிச்சிக்கோங்க உம்மா."

"வெளங்காதுதானே எனக்கு" என்றார். குரலில் கோபமில்லை. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

அன்றிரவு பருப்பை நானே தாளித்தேன். கடுகு கொஞ்சம் கருகிவிட்டது. உம்மா சோற்றில் இரண்டு அகப்பை ஊற்றிக்கொண்டு, "அந்த இங்கிலீஷ இன்னொருக்கா சொல்லுங்க மகள்" என்றார்.