கிணற்றடிக்கு வந்த விருந்தினர்

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த துணியோடு இடம்பெயர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. 2016 இல் காணி திரும்பக் கிடைத்தபோது வீடு இருக்கவில்லை, கிணறு இருந்தது. பற்றை வெட்டி, கிணறு இறைத்து, ஐந்து பரப்பில் வெங்காயமும் மரவள்ளியும் வைத்தேன். கணவர் இல்லாத எனக்கு அதுதான் வாழ்வாதாரம்.

2018 இல் பயணிகளைக் கூட்டித் திரியும் தம்பி ஒருவர் வந்தார். "அக்கா, நாலு வெள்ளைக்காரர் தோட்டம் பார்க்க வேணுமாம். மத்தியானச் சாப்பாடும் குடுப்பீங்களோ?" என்றார். எனக்கு நடுக்கம். பக்கத்து வீட்டில் கதிரை இரவல் வாங்கினேன். புரியாணி போடலாமோ என்று யோசித்தேன். அம்மாதான் "கூழைக் காய்ச்சு பிள்ளை" என்றார்.

ஒடியல் மாவை ஊறவிட்டுக் கயர்ப்பை எடுத்து, நண்டு, இறால், மீன், மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் போட்டுக் காய்ச்சினேன். வந்தவர்கள் கதிரையைத் தொடவேயில்லை. மாமரத்தடியில் பாயில் இருந்து, பனையோலைப் பிளாவில் ஊற்றி ஊற்றிக் குடித்தார்கள். பிறகு தண்ணி மாறப் பழக்கச் சொன்னார்கள். ஒரு பொடியன் வரம்பை உடைத்து, தண்ணீரெல்லாம் பாதைக்கு ஓடிவிட்டது. அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பழசு, ஏழ்மை என்று நாம் ஒளித்துவைப்பதைப் பார்க்கத்தான் அவர்கள் அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள்.

ஒருவர் மட்டும் சுவரிலிருந்த என் தம்பியின் படத்தைக் காட்டி, எப்படி இறந்தார் என்று விசாரித்தார். நான் சொல்லவில்லை. கேட்டது பிழையில்லை. ஆனால் அது நான் கூழோடு பரிமாறும் பொருள் அல்ல. சகோதரிகளே, உங்களிடமும் கேட்பார்கள். சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

தம்பி என் கையில் தந்தது 2,000 ரூபா. நண்டுக்கும் மீனுக்குமே 1,200 போய்விட்டது. அவர்களிடம் அவர் வாங்கியது 8,000 என்று பின்னர் அறிந்தேன். அழுகை வந்தது. அடுத்த முறை தலைக்கு இவ்வளவு என்று நானே விலை சொன்னேன். முகம் சுளித்தார், ஆனாலும் ஆட்களைக் கூட்டிவந்தார். இப்போது ஒழுங்கையில் நாலு பெண்கள் சேர்ந்திருக்கிறோம். ஒருவர் நீத்துப்பெட்டி இழைத்துக் காட்டுவார், இன்னொருவர் பனாட்டும் புழுக்கொடியலும் விற்பார்.

இரவு தங்கவைப்பதானால் வீட்டை இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதியலாம். நான் அதற்குப் போகவில்லை. குமர்ப்பிள்ளை இருக்கும் வீடு. அயலின் வாயும் சும்மா இராது. பயந்தவள் என்றாலும் பரவாயில்லை.

இதை நம்பி நுண்கடன் எடுத்து அறை கட்டவும் வேண்டாம். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, 2020 இல் கொரோனா, 2022 இல் எரிபொருள் வரிசை என்று ஒன்று மாறி ஒன்று வந்து பயணிகள் நின்றுபோனார்கள். அந்த நாட்களில் எங்கள் அடுப்பு எரிந்தது மரவள்ளியாலும் முருங்கையாலும்தான். கடன் இருந்திருந்தால் தோட்டத்தையே விற்றிருப்பேன்.

அடுத்த வெங்காயம் கிண்டும் நேரம் ஆறு பேர் வருகிறார்களாம், தாங்களும் கிண்ட வேண்டுமாம். பாய் இருக்கிறது, ஒடியல் மாவும் இடித்தாயிற்று. பிளாக் கோல ஓலை வெட்டித் தரத்தான் ஆள் தேடுகிறேன்.