சுறாவை அறிந்தவர்

வலிமை மிக்க உயிரைக் கண்டு அஞ்சுதல் மாந்தர்க்கு இயல்பு. அவ்வச்சம் அறிவோடு கூடியதாயின் உயிரைக் காக்கும்; அறியாமையோடு கூடியதாயின் பிற உயிரை அழிக்கும். இவ்வுண்மையைப் பெருவெள்ளைச் சுறாவின் வரலாறு நன்கு விளக்குகின்றது.

இச்சுறாவின் முதுகு சாம்பல் நிறமானது, வயிறு வெண்மையானது. முழு வளர்ச்சியுற்ற பெண்சுறா 6 மீட்டர் நீளம் வரை வளர்வதுண்டு. வாயினுள் வரிசை வரிசையாக அமைந்த பற்கள் முக்கோண வடிவின; அவற்றின் விளிம்புகள் அரம்போன்றவை. முன்வரிசைப் பல் விழுந்தால் பின்வரிசைப் பல் அவ்விடத்திற்கு வரும். பிற உயிர்களின் உடலில் எழும் நுண்ணிய மின்னோட்டத்தையும் உணரவல்ல உறுப்புகள் இதன் மூக்கருகே உள்ளன. மீன்களும் கடல்நாய்களும் இதன் முதன்மையான இரை.

இத்தகைய சுறாவின் வாயில் அகப்பட்டு மீண்டவர் ராட்னி ஃபாக்ஸ். 1963ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், தென் ஆஸ்திரேலியாவிலுள்ள ஆல்டிங்கா கடற்கரையில், நீருள் மூழ்கி ஈட்டியால் மீன் எய்யும் போட்டி நடைபெற்றது. எய்யப்பட்ட மீன்களின் குருதி நீரிற் கலந்திருந்தது. அப்போது 23 வயதினரான ஃபாக்ஸ் மீனொன்றைக் குறிவைத்த வேளையில், பெருவெள்ளைச் சுறா அவர் மார்பைக் கவ்வியது. அவர் அதன் கண்ணைக் குத்தித் தம்மை விடுவித்துக்கொண்டார். ஆயினும் அவர் கையும் பற்களிற் பட்டுக் கிழிந்தது. பின்னர் அச்சுறா அவர் இடுப்போடு கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்த மிதவையைக் கவ்வி அவரை ஆழத்திற்கு இழுத்தது. நற்பேறாகக் கயிறு அறுந்தது. அருகிலிருந்த படகினர் அவரைக் கரை சேர்த்தனர். விலா எலும்புகள் முறிந்து, நுரையீரல் துளைபட்ட நிலையில் மருத்துவமனை சேர்ந்த அவரை மருத்துவர் பிழைப்பித்தனர்.

இத்துணைத் துன்புற்றவர் சுறாவினத்தையே வெறுத்திருப்பின் அதில் வியப்பில்லை. ஃபாக்ஸோ உடல் தேறியபின் மீண்டும் கடலில் இறங்கினார். சுறாவை அணுகிக் காணும் பொருட்டு இரும்புக் கூண்டொன்றை அமைத்து, அதனுள் நின்று அதன் இயல்பை ஆராய்ந்தார். ஆராய ஆராய அவருடைய அச்சம் மதிப்பாக மாறிற்று. மனிதனைத் தேடித் திரிவது சுறாவின் தொழிலன்று என்பதை உணர்ந்த அவர், அவ்வினத்தைக் காக்க வேண்டுமென எங்கும் எடுத்துரைத்தார்.

உலகோர் மனநிலை வேறாக இருந்தது. பீட்டர் பெஞ்ச்லி எழுதிய 'ஜாஸ்' என்னும் புதினம் 1974இல் வெளிவந்தது; மறு ஆண்டே அது திரைப்படமாயிற்று. அதனைக் கண்டு அஞ்சியோர் பலர். வீரங்காட்டச் சுறாவைக் கொன்றோரும் உளர். பெஞ்ச்லியே பிற்காலத்தில் சுறாக்களுக்காகப் பரிந்து பேசலாயினார். உலகில் எல்லாச் சுறாக்களாலும் ஓராண்டில் தாக்கப்படுவோர் நூற்றுக்குக் குறைவினரே. அவருள்ளும் பெரும்பாலோர் உயிர் பிழைக்கின்றனர். மனிதராற் கொல்லப்படும் சுறாக்களோ ஆண்டுக்குப் பல கோடி! பெருவெள்ளைச் சுறா முதிர்ச்சியடையப் பல்லாண்டுகள் ஆகும். ஈனும் குட்டிகளும் சிலவே. ஆதலின் அழிந்த தொகை விரைவில் நிரம்புவதில்லை. இதனையுணர்ந்து தென்னாப்பிரிக்கா 1991இல் இதற்குச் சட்டக் காவல் அளித்தது. அதன்பின் ஆஸ்திரேலியாவும் அவ்வாறே செய்தது.

சுறாவால் தீங்கு இல்லையென்று எண்ணிவிடலாகாது. இச்சுறாக்கள் உலவும் கடலில் தனித்து நீந்துதலும், அந்தியிலும் விடியலிலும் நீராடுதலும், கடல்நாய்கள் கூடுமிடத்தை அணுகுதலும் தவிர்க்கத்தக்கன. கடல் சுறாவின் இல்லம். ஆங்குச் செல்லும் மனிதன் விருந்தினன். இல்லத்தார் இயல்பறிந்து நடத்தல் விருந்தினனுக்குக் கடனன்றோ? தம்மைக் கடித்த உயிரையும் அறிய முயன்ற ஃபாக்ஸின் வாழ்வு உணர்த்துவது இதுவே.