தந்தையாரும் பழைய அச்சுப்பொறியும்

எமது இல்லத்து மேல்மாடியில், கணினியின் அருகே, பதினைந்தாண்டு உழைத்த லேசர் அச்சுப்பொறி ஒன்றுண்டு. அஃது அறிந்த வழி யூ.எஸ்.பி. கம்பி ஒன்றே, அக்கம்பியோ 5 மீட்டருக்கு மேல் நீளலாகாது. கீழறையில் வதியும் எம் தந்தையார் கண்ணொளி மங்கியவர்; பெரிய எழுத்தில் அச்சிட்ட தாள்களையே வாசிக்க வல்லார்; படியேறவோ மாட்டார். யாம் விடுதிக்குத் திரும்பியபின் அவருக்கு அச்சிட்டுக் கொடுப்பார் யார்? இக்கவலையே எம்மை இம்முயற்சியிற் புகுத்தியது.

பொறியைக் கீழே இறக்கி, வைஃபை ரூட்டரின் யூ.எஸ்.பி. துளையிற் செருகினோம். அது வாய் திறந்திலது. இவ்வகைப் பொறி, மின்சாரம் பெறுந்தோறும் தன்னை இயக்கும் மென்பொருளைக் கணினியினின்றே பெறுதல் வேண்டும் என்பதும், ரூட்டர் அதனை ஊட்ட அறியாது என்பதும் பின்னரே விளங்கின. ஆராயாது செய்த குற்றம் எம்முடையதே.

பின்னர் ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவு கணினியைப் பொறியுடன் இணைத்து, 1999-இல் வெளிவந்த கப்ஸ் என்னும் இலவச மென்பொருளையும், பொறிக்குரிய டிரைவரையும் அதில் நிறுவினோம். முகவரி மாறாவண்ணம் ரூட்டரில் நிலைப்படுத்தி, பிறர்க்கும் பகிருமாறு அமைத்தோம்.

தந்தையார் நடுங்கும் விரலால் தம் கைப்பேசியைத் தொட்டார். சில கணங்களில் கட்டிலருகே வெதுவெதுப்பான தாளொன்று வந்து வீழ்ந்தது. அதனைக் கண்ணருகே பிடித்து ஒரு வரி வாசித்தார்.

“தம்பி, இனி நீ நிம்மதியாய்ப் படிக்கப் போ” என்றார்.

பழையதென ஒதுக்குமுன், அதற்கு வேண்டிய துணை யாதென வினவுதல் நன்றன்றோ?