மீன் வண்டியில் வந்த ரோட்டவேட்டர்

2025 மே மாசம் சேலம் மாவட்டம் ஆத்தூரில் ஒரு பழைய ரோட்டவேட்டர் வாங்கினேன். 42,000 ரூபாய். பிளேடு மட்டும் தேஞ்சிருந்தது, மத்தபடி நல்ல சாமான். வாங்குனது லேசாத்தான் முடிஞ்சுது. அதை நெடுங்காடு பக்கம் நம்ம ஊருக்குக் கொண்டாரதுதான் பெரும்பாடாப் போச்சு.

நம்ம ஊர் மினி லாரிக்காரர் 13,000 கேட்டார். அவர் மேல தப்பு இல்லை. இங்கேர்ந்து காலியாப் போயி ஏத்திக்கிட்டு வரணும், ரெண்டு பக்கத்து டீசலும் நம்ம தலையிலதானே விழும்.

மகதான் சொன்னா, "அப்பா, போன்லயே ஏலம் விடலாம்ப்பா"ன்னு. ஏலம்னா எனக்குத் தெரிஞ்சது மீன் ஏலமும் குத்தகை ஏலமும்தான். அங்க கூடக் கேக்குறவங்களுக்குக் கிடைக்கும். இது தலைகீழ். சரக்கு இன்னதுன்னு நாம போடணும், லாரிக்காரங்க போட்டி போட்டுக் குறைப்பாங்க. அமெரிக்காவில் யூஷிப்னு ஒண்ணு 2003லேயே இப்படி ஆரம்பிச்சதாம். நமக்கு இப்பத்தான் வந்து சேர்ந்திருக்கு.

"ரோட்டவேட்டர் 1, ஆத்தூர் டு காரைக்கால்"னு மட்டும் போட்டேன். 12,000, 11,500ன்னு வந்தது. ஒருத்தர் மட்டும் 6,000. அட்வான்ஸ் 1,000 அனுப்புங்கன்னார், அனுப்பினேன். மறுநாள்லேர்ந்து போன் சுவிட்ச் ஆஃப். வீட்டுல, "குறைச்சுக் கேக்குறவன் எல்லாம் வண்டி வச்சிருப்பானா?"ன்னு கேட்டாங்க. என்னத்தச் சொல்றது.

ரெண்டாவது தடவை விவரமாப் போட்டேன். போட்டோ, அஞ்சரை அடி அகலம், 430 கிலோ, ஏத்துறதுக்குச் செயின் பிளாக் அங்கேயே இருக்கு, பிக்கப் வண்டி போதும், தேதி முன்னப்பின்ன இருக்கலாம். எடை தெரியலைன்னா அவங்க பெரிய வண்டிக்குக் கணக்குப் போட்டுடுறாங்க. இந்தத் தடவை 9,000 வரைக்கும் இறங்குச்சு. அதுக்குக் கீழ அசையலை.

காரணத்தைச் சொன்னது துறைமுகத்தில் ஐஸ் ஏத்துற நம்ம ஊர்த் தம்பி. "அண்ணே, இப்போ தடைக்காலம். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. மீன் ஏத்த வர்ற மேக்கத்தி வண்டி எதுவும் வராது. முடியட்டும், காலிப் பெட்டியோட தினம் வருவான். நம்ம ஊர்ல டீசல் விலையும் கம்மி, டேங்க்கை ரொப்பிக்கிட்டுப் போவான். அவன்கிட்ட கேளுங்க."

சரிதான், ஆனா காத்திருக்க மனசு கேக்கணுமே. ஜூன் 12 மேட்டூர் திறப்பு. நாம கடைமடைதான், தண்ணி வர நாளாகும். இருந்தாலும் 15 மா குறுவை. வாடகை ரோட்டவேட்டருக்கு எனக்கு முன்னாடி ஏழு பேர். 4,000, 5,000 மிச்சம் பண்ணப் போயி பருவத்தை விட்டுட்டா? ரெண்டு ராத்திரி தூக்கம் இல்லை. கடைசியில ஜூன் 16 வரைக்கும் பொறுத்துப் பார்க்குறது, அதுக்கு மேல 9,000க்கே வரச் சொல்லிடுறதுன்னு முடிவு பண்ணினேன்.

16ஆம் தேதி காலையில திரும்பப் போட்டேன். சாயந்திரம் சேலத்துப் பிக்கப் ஒண்ணு 4,200க்குக் கேட்டுச்சு. இந்தத் தடவை உஷார். நேரா போன்ல பேசினேன், ஆர்.சி. போட்டோ வாங்கினேன், பணம் இறக்கினப்புறம்தான்னு சொல்லிட்டேன். "காலியாத்தானுங்க அண்ணா வர்றேன், இறக்கிட்டே குடுங்க"ன்னார் டிரைவர். வித்தவர் எழுதிக் கொடுத்த ரசீதையும் வண்டியில வைக்கச் சொன்னேன். ஊர் பக்கம்தான், ஆனா நாம புதுச்சேரி, மாநிலம் மாறுதே. 50,000க்கு மேல போனா இ-வே பில் பேச்சு வேற வரும்.

ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து சேர்ந்தார். மெயின் ரோட்டை விட்டு ஊருக்குள்ள வந்ததுக்கு 300 சேர்த்துக் கொடுத்தேன். களத்து மேட்டுல பின்பக்கமா வண்டியை ஒட்டி நிறுத்தினா மேடும் வண்டிப் பலகையும் ஒரே மட்டம். ரெண்டு பனந்துண்டு போட்டு நாலு பேர் நகத்திட்டோம், கிரேனுக்குச் செலவில்லை. போன அட்வான்ஸையும் சேர்த்து மொத்தம் 5,500. மூணு நாள் மீன் கவிச்சி போகலை, தெரு நாயெல்லாம் அதைச் சுத்தியே படுத்துக் கிடந்துச்சு. வாய்க்கால்ல தண்ணி வர்றதுக்குள்ள பிளேடு மாத்தியாச்சு.

பக்கத்து வயக்காரர் இதைக் கேட்டுட்டு, சேலத்துக்கு வைக்கோல் அனுப்பணும், அதே ரேட்டுக்குக் கேளுங்கன்னார். டிரைவருக்குப் போன் போட்டேன். சிரிச்சார். "வரும்போதுதானுங்க அண்ணா காலி, போகும்போது மீன் இருக்குங்களே."